தீட்டு இல்லாதவள்

நான் எடுத்த படம், சட்டம் போட்டு, என் வீட்டுக்கே கூரியரில் வந்திருக்கிறது. பகலில் உன் வீடு பூட்டியிருக்கும், உன் வீட்டுக்காரர் ஜெனரல் ஷிப்டுக்குப் போயிருப்பார் என்று தெரிந்து, மேலே அவர் பெயரை எழுதி, அதற்குக் கீழே 'கேர் ஆஃப்' என்று என் வீட்டுக்காரர் பெயரை எழுதியிருக்கிறாள் சரஸ்வதி. தாராபுரத்துக்காரி, உன் ஓரகத்தி. எதைச் செய்தாலும் சரியாகச் செய்வாள். எனக்கு அவளிடம் பிடிக்காததே அதுதான்.

உன் வீட்டுக்காரர் வரும் வரை பிரிக்காமல் வைத்திருக்கலாம். பிரித்துவிட்டேன். போன மாசியில் உங்கள் குலதெய்வக் கோவிலில் பங்காளிகள் எல்லாரும் வரிசை வரிசையாக நின்ற படம். நடுவில் நீ, மாம்பழக் கலர் புடவையில். அது பண்ருட்டிக் கடையில் நான் எடுத்துக் கொடுத்த புடவை. நீ பச்சையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று நின்றாய், உன் கையிலிருந்து பிடுங்கிப் போட்டுவிட்டு இதை எடுத்தேன். இப்போது அந்தப் புடவையின் தோளில் சரஸ்வதியின் கை இருக்கிறது. "அக்கா, நீங்க எடுங்க்கா. எங்காளுக எல்லாரும் படத்துல நிக்கோணுமுங்க" என்று ஆளுக்கொரு செல்போனை என் கையில் திணித்தார்கள். எல்லாப் போனிலும் எடுத்துக் கொடுத்தேன். ஒரு படத்தில்கூட நான் இல்லை.

நீ போய் மாதங்கள் ஆகின்றன. இன்னும் உன்னோடு சண்டை தீரவில்லை எனக்கு.

கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இந்த டவுன்ஷிப்புக்கு வந்தபோது எனக்கு இங்கே ஒரு நாய்கூடத் தெரியாது. அவர் மைன்ஸில் ஷிப்டுக்குப் போய்விடுவார். நான் வாசற்படியில் உட்கார்ந்து, எதிரே போகிற கம்பெனி பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து நீதான் கூப்பிட்டாய். "தனியா ஏன் உக்காந்துகினு இருக்கிற? வா இப்டி, கீரை ஆயலாம்." உனக்கு ஊர் திருவதிகை, பஸ் ஏறினால் பிறந்த வீடு. அப்படியும் என்னோடுதான் இருந்தாய். என் ப்ரியா நடை பழகியது உன் கூடத்தில். என் அம்மா இறந்த சேதி வந்தபோது உன் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என்னோடு பஸ் ஏறி, கோவில்பட்டி வரை என் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தவள் நீ. இங்கே எல்லாக் குவார்ட்டர்ஸிலும் அப்படித்தான். சொந்தம் தூரத்தில் இருக்கும், பக்கத்து வீடு பக்கத்தில் இருக்கும். அது போதும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உனக்குப் போதவில்லை.

உன் மகள் வித்யாவுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்ததும் வந்த வினை அது. ஜாதகம் பார்த்தவர் "குலதெய்வம் எது?" என்று கேட்டார். உனக்குத் தெரியவில்லை, உன் வீட்டுக்காரருக்கும் தெரியவில்லை. உன் மாமனார் சுரங்கம் தோண்ட ஆரம்பித்த காலத்தில், மேற்கே எங்கேயோ அண்ணன் தம்பிகளோடு சண்டை போட்டுவிட்டு வந்தவர். சாகிற வரை ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. அவரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. கட்டிலில் படுக்க மாட்டார், யாரையும் படுக்க விடமாட்டார். அவர் போன பிறகும் உன் வீட்டில் எல்லாருக்கும் பாய்தான்.

"எங்கப்பாவே வேணாம்னு விட்டுட்டு வந்தத நீ ஏன் நோண்டற?" என்றார் உன் வீட்டுக்காரர்.

"பொண்ணுக்கு நாளைக்கி ஒரு மொட்ட போடணும்னா எந்த சாமிகிட்ட போயி நிப்பா?" என்றாய் நீ. பிறக்காத பேரனுக்கு மொட்டை போட அன்றைக்கே கிளம்பிவிட்டாய்.

நீ தேடிய விதத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. எல்லா மாவட்டத்து ஆட்களும் இங்கே ஏதாவது ஒரு பிளாக்கில் இருப்பார்கள், ஊர் ஊராக அலைவானேன் என்றாய். கம்பெனி பஸ்ஸில், ஆஸ்பத்திரி வரிசையில், காய்கறி மார்க்கெட்டில், 'ஏனுங்க' என்று மேற்கத்திப் பேச்சு காதில் விழுந்தால் போதும், போய் நின்றுவிடுவாய். "உங்க பக்கம் கட்டில்ல படுக்காத சனம் எங்கனா இருக்குதாங்க?" ஒருத்தி உன்னைக் கட்டில் விற்க வந்தவள் என்று நினைத்து, "எங்க வீட்ல இருக்குது, வேண்டாம்" என்று கதவைச் சாத்தினாள். கூடவே அலைந்தது யார்? நான். உனக்கு முட்டிவலி என்று பையைத் தூக்கியதும் நான். கடைசியில் கிரேன் ஆபரேட்டர் ஒருவரின் மனைவி சொன்னாள்: "எங்கம்மா ஊருக்குப் பக்கத்துல அப்படி ஒரு ஊரு இருக்குதுங்க. கட்டல்ல படுத்தா அம்மன் கோவிச்சுக்குமுன்னு பாயிலதான் படுப்பாங்க." நீ அவளைக் கட்டிக்கொண்டாய். எனக்குக்கூட சந்தோஷமாகத்தான் இருந்தது, அன்றைக்கு.

உன் வீட்டுக்காரர் லீவு போட மாட்டேன் என்றதால் நான்தான் துணைக்கு வந்தேன். சேலம், ஈரோடு என்று பஸ் மாறி மாறிப் போனோம். பை நிறைய முந்திரிப் பருப்பு வைத்திருந்தாய். அந்த ஊரில் விசாரித்து ஒரு வீட்டு வாசலில் நின்றபோது உள்ளேயிருந்து ஒரு மனிதர் வந்தார். உன் வீட்டுக்காரரின் அதே மூக்கு. அதே மாதிரி, பேசுவதற்கு முன்னால் காதைச் சொறிந்துகொள்வது. உன் மாமனாரின் அண்ணன் மகன் அவர். நீ வாசலிலேயே உட்கார்ந்து அழுதாய். அவர் மனைவி சரஸ்வதி ஓடிவந்து உன்னைத் தூக்கி, பாய் விரித்து உட்கார வைத்தாள். எனக்கும் ஒரு பாய் விரித்தாள். சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். பிறகு உன்னிடம் கேட்டாள்: "இவங்க யாருங்க்கா?"

"பக்கத்து வூட்டுக்காரங்க" என்றாய்.

நீ சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. வேறு என்ன சொல்லியிருக்க முடியும் என்று நானும் எத்தனையோ முறை யோசித்துப் பார்த்துவிட்டேன், அகப்படவில்லை. ஆனால் நீ சொன்ன வேகம் இருக்கிறதே, அதுதான் என்னைச் சுட்டது. யோசிக்கவே இல்லை நீ. திரும்பி வருகிற பஸ்ஸில் நீ அவர்களைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாய், நான் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டேன்.

அங்கே பிடித்த நூலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கிளையாகக் கண்டுபிடித்தாய். திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஒரு வீடு, பாலக்காட்டில் கடை வைத்து மலையாளம் பேசிக்கொண்டு ஒரு வீடு, குடகில் காப்பித் தோட்டத்தில் ஒரு வீடு. ஓரகத்தியிடமிருந்து தப்பித்தால் போதும் என்று ஓடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். டவுன் டவுனாகத் தேடிப்போய்ப் பிடித்தவள் உலகத்திலேயே நீ ஒருத்திதான். சாயங்கால டீ நம் இரண்டு பேருக்கும் உரியது. அந்த நேரத்துக்குத்தான் சரஸ்வதி போன் செய்வாள். நீ தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு, என்னை உட்காரச் சொல்லிக் கையைக் காட்டுவாய். நான் உன் வீட்டுக் காலண்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். டீ ஆறிவிடும்.

ஆனால் ஒன்று நீ எதிர்பார்க்காதது நடந்தது. பங்காளிகள் பெருகினால் தீட்டும் பெருகும் என்று உனக்குத் தோன்றவே இல்லை. அத்தனை பெரிய கூட்டத்தில் யாராவது ஒருவர் போய்க்கொண்டேதான் இருந்தார். பொங்கலுக்கு முன்னால் காங்கேயத்தில் ஒரு தாத்தா. ஆடிப்பெருக்குக்குக் குடகில் ஒரு சித்தப்பா. பங்காளிகளின் வாட்ஸப் குரூப்பில் செய்தி வந்தால் உன் வீட்டில் விளக்கில்லை, கோவில் இல்லை, அடுப்பில் எண்ணெய்ச் சட்டி இல்லை.

"நான் அவர உயிரோட பார்த்ததே இல்ல. அவரு செத்ததுக்கு எனக்கு ஏன் வடை இல்ல?" என்று உன் வீட்டுக்காரர் கத்துவது வேலி தாண்டி எனக்குக் கேட்கும்.

"பங்காளின்னா பங்காளிதான்" என்பாய் நீ, அசையாமல்.

அப்போதெல்லாம் நான்தான் சுட்டுக் கொண்டுவந்து கொடுப்பேன். தீட்டு இல்லாத வீட்டிலிருந்து வந்தால் சாப்பிடலாமே. 'உன் பங்காளி செத்தா என் அடுப்பு எரியணுமா?' என்று முணுமுணுத்துக்கொண்டேதான் வருவேன். ஆனால் அந்த நாட்களில் நீ எங்கும் போக முடியாது. யாரும் உன்னைப் பார்க்க வரவும் மாட்டார்கள். நீயும் நானும் பழையபடி உட்கார்ந்து வடை தின்போம். துக்கச் செய்தி வரும்போது முகத்தில் துக்கத்தை வரவழைக்க எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது, உண்மைதான்.

பிறகு புரட்டாசிக் கடைசியில் நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். ஆம்புலன்ஸில் உன்னோடு வந்தது நான். உன் கை என் கைக்குள்தான் இருந்தது. மறுநாள் காலையில் மேற்கேயிருந்து வேன்கள் வந்து நின்றன. நீ தேடித்தேடிச் சேர்த்த அத்தனை பேரும் இறங்கினார்கள். ஓரகத்திமார்தான் குளிப்பாட்ட வேண்டும் என்றார்கள். நான் தண்ணீர் வாளியோடு நின்றேன். சரஸ்வதி மெதுவாக என் கையிலிருந்து வாளியை வாங்கிக்கொண்டாள்.

பிறகு முறை கூப்பிட ஆரம்பித்தார்கள். "பொறந்த வூட்டுக் கோடி யாருங்க, வாங்க!" திருவதிகையிலிருந்து உன் தம்பிகள் வந்தார்கள். "பங்காளிங்க வாங்க!" கூட்டம் கூட்டமாக வந்தார்கள். "சம்பந்தி வூட்டுக்காரங்க வாங்க!" வித்யாவின் மாமியார் வந்தார். ஒவ்வொரு முறையும் அடுத்தது நானாக இருக்கும் என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தயாராக நின்றேன். கடைசியில், "வேற யாருனா இருக்கீங்களா?" என்றார்கள்.

அந்த வேற யாரோவில்தான் நான் வந்து உன் வாயில் அரிசி போட்டேன்.

எல்லாம் முடிந்து பெண்கள் குளித்துக்கொண்டிருந்தபோது சரஸ்வதி சொன்னாள்: "நீங்க தலைக்கு ஊத்திக்கிட்டு வூட்டுக்குப் போங்க்கா. விளக்கேத்தலாமுங்க. உங்களுக்குத்தான் ஒண்ணுமில்லீங்களே."

எனக்கு ஒன்றும் இல்லையாம்.

பதினாறு முடியவில்லை, தீபாவளி வந்துவிட்டது. ப்ரியாவுக்குத் தலைதீபாவளி. உன் கூடத்தில் நடை பழகியவள் புருஷனோடு வந்து நிற்கிறாள். "இந்த வருஷம் வேண்டாமே" என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிப் பார்த்தேன்.

"மாப்பிள்ளை வீட்ல என்ன சொல்லுவாங்க? அவங்களுக்கும் நமக்கும் என்ன முறை இருக்கு, சொல்லு" என்றார்.

எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைத்தேன். திருப்பூரில் வைக்கவில்லை, பாலக்காட்டில் வைக்கவில்லை, குடகில் வைக்கவில்லை. உன்னை நாலு முறை, ஐந்து முறை பார்த்தவர்கள் எல்லாம் அடுப்பை அணைத்துவிட்டு உனக்காகச் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். நான் உளுந்து வடை தட்டிக்கொண்டிருக்கிறேன். அவர்கள் வீட்டு நகைக்கோ நிலத்துக்கோ நான் ஆசைப்பட்டதில்லை. அவர்களுடைய தீட்டைப் பார்த்து வயிறெரிந்தேன். எனக்கு அது கொஞ்சம் வேண்டியிருந்தது. கேட்டு வாங்க முடியாத ஒன்றுக்கு அப்படி ஆசைப்பட்டு நின்றேன்.

வழக்கம்போலத் தட்டில் வைத்து மூடி உன் வீட்டுக்கு எடுத்துப்போனேன். உன் வீட்டுக்காரர் பாயில் சுருண்டு படுத்திருந்தார். எழுந்து உட்கார்ந்து ஒரு வடையைப் பிட்டு வாயில் போட்டு மென்றார். பதினாறு வரை இருந்து அவருக்குச் சமைத்துப்போடத் தங்கியிருந்த சரஸ்வதி என்னோடு வாசல் வரை வந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தது அவளுக்கு.

"உங்களைப் பார்த்தா எனக்குப் பொறாமையா இருக்குதுங்க்கா" என்றாள்.

நான் நின்றுவிட்டேன்.

"எங்களுக்கு அக்காவ நாலு வருசமாத்தானுங்க தெரியும். அதுலயும் பாதி போனுலயே போச்சு. நீங்க கல்யாணமான நாளுலருந்து பார்த்தவிய. சின்ன வயசுல அக்கா எப்படி இருப்பாங்க? என்ன பேசுவாங்க? ஏதாச்சும் சொல்லுங்க்கா."

சொல்வதற்கா இல்லை? நாற்பது வயதில் சைக்கிள் கற்றுக்கொள்கிறேன் என்று செம்பருத்திச் செடிக்குள் விழுந்து, எழுந்திருக்காமல் அங்கேயே கிடந்து சிரித்தாயே, அதைச் சொல்லலாம். பஸ் ஸ்டாப்பில் ஒருநாள் மழை தகரத்தில் கொட்டியபோது, பக்கத்தில் யாரும் இல்லை என்று குரலெடுத்து ஒரு முழுப் பாட்டுப் பாடினாயே. நீ பாடுவாய் என்று உன் வீட்டுக்காரருக்கே தெரியாது. பாடி முடித்துவிட்டு, "யார்கிட்டனா சொன்ன, அவ்ளோதான்" என்று என் காதைத் திருகினாய். அதைச் சொல்லலாம். அவள் முகத்தைப் பார்த்தால் எவருக்கும் சொல்லத்தான் தோன்றும். உன் வீட்டைப் பெருக்கி, உன் புருஷனுக்குச் சோறு போட்டு, உன் புடவைகளை மடித்து வைத்தவள். கை நீட்டி நிற்கிற குழந்தை மாதிரி நின்றாள்.

"நல்லாத்தான் இருப்பா" என்றேன். தட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அவள் விடுகிற ஆள் இல்லை. வாரத்துக்கொரு முறை எனக்குப் போன் செய்கிறாள். சாயங்காலம், டீ நேரத்துக்குச் சரியாக. ப்ரியா எப்படி இருக்கிறாள், இங்கே மழையா என்றெல்லாம் சுற்றிவிட்டு, மெதுவாக உன்னிடம் வந்து நிற்பாள். "அக்கா அப்பல்லாம்..." என்று ஆரம்பிப்பாள். நான் பேச்சை மாற்றிவிடுவேன். அவளுக்குத் தெரியும், நான் மாற்றுகிறேன் என்று. இருந்தாலும் அடுத்த வாரம் கூப்பிடுவாள். கூப்பிடாத வாரம் நான் போனை எடுத்துப் பார்த்துவிட்டு வைக்கிறேன்.

உன் முறை அவர்களுடையது. உன் தீட்டு அவர்களுடையது. சட்டம் போட்ட படமும் அவர்களுடையதுதான், சாயங்காலம் உன் வீட்டுக்காரர் வந்ததும் கொடுத்துவிடுவேன். மழையில் நீ பாடியது மட்டும் என்னிடம் இருக்கிறது, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, நீ தப்பாகப் பாடிய இடம் உட்பட. அதை யாருக்கும் பங்கு வைக்கமாட்டேன்.

அவள் கேட்டுக்கொண்டே இருக்கட்டும்.