மேசையின் பின்கால்

சேசு மரி சூசை துணை

அரிசிப்பாளையம், சேலம்
27-11-1958

அன்புள்ள ஜெபமலருக்கு,

ஞானமேரி எழுதுவது. வேலூரில் உன் நர்சுப் படிப்பும் உடம்பும் நல்லபடி இருக்கச் சர்வேசுரனை மன்றாடுகிறேன். இங்கே உன் அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. பீடியைத்தான் விடமாட்டேன் என்கிறார். நீ ஒரு வரி எழுதினால் கேட்பார், என் பேச்சு எங்கே காதில் ஏறுகிறது.

கிறிஸ்மஸுக்கு வரவில்லை, விடுதியிலேயே இருந்துகொள்கிறேன் என்று அவருக்கு எழுதியிருந்தாய். அதைப் படித்த அன்று அவர் உளியையே தொடவில்லை. நான் எழுதுவது வேறு ஒன்றுக்காக.

உன் அம்மாவின் செப மேசை விஷயம். நான் இரண்டாம் தாரமாக இந்த வீட்டுக்கு வந்த வாரமே, அம்மா மேசையை யாரும் தொடக்கூடாது என்று சொன்னாய். அதற்குப் பிறகு தூசி தட்டுவதுகூட உன் அப்பாதான். இந்த ஐப்பசி மழையில் சுவர் ஊறி, கரையான் ஏறி, ஒரு பின்கால் மக்கிவிட்டது. மாதா சுரூபத்தோடு மேசை சாய, ஓடிப்போய்ப் பிடித்தேன். அன்றுதான் முதல் தடவை தொட்டேன். சுரூபத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

அது ஏற்காட்டு பங்களாவில் வாங்கிய சீமை ஓக்கு மரமாம். அதே மரத்தில் பழைய ஜன்னல் சட்டம் ஒன்றைத் தேடிப் பிடித்து உன் அப்பா கால் செய்தார். இழைத்ததும் வெளேரென்று ஆகிவிட்டது. மற்ற மூன்றும் சாம்பல் நிறம். துருப்பிடித்த ஆணியைப் புளித்த காடியில் ஊறப்போட்டு அந்தத் தண்ணீரைத் தடவினால் பழசின் நிறம் வரும் என்றார்.

சாயம் என்றால் நான் சும்மா இருப்பேனா? அம்மாபேட்டைச் சாயப்பட்டறையில் பிறந்தவள். நூலில் கறுப்பு ஏற முதலில் கடுக்காய்த் தண்ணீர், அப்புறம்தான் இரும்புக் காடி. அந்தப் பழக்கத்தில், அவர் கடைவீதிக்குப் போன நேரம் பார்த்துக் கடுக்காய்த் தண்ணீரைப் பூசி வைத்தேன். அவர் வந்து காடியைத் தடவியதும் கால் அடுப்புக்கரியாகிவிட்டது. இரும்போடு சேர்ந்து கறுக்கிற துவர்ப்பு அந்த மரத்துக்கே உண்டாம், கடுக்காய் வேண்டாமாம். மனுஷர் திட்டவில்லை, சிரித்தார். எனக்குத்தான் அழுகை வந்தது. போயும் போயும் உன் அம்மா பொருளிலா என் கை இப்படிச் செய்ய வேண்டும்?

கறுப்பை இழைத்து எடுத்துவிட்டு, கடுக்காய் இல்லாமல், அந்த ஆணிக் காடியில் மட்டும் தண்ணீர் கலந்து தடவினார். சாம்பல் நிறம் அப்படியே வந்துவிட்டது. புதுக்கால் எது என்று பங்குச் சாமியாருக்கே தெரியவில்லை. “அவளுக்குத் தெரியவா போகுது, நீ வாயைத் தொறக்காதே” என்று இழைக்கும்போதே சொல்லிவிட்டார் உன் அப்பா. எனக்கு மனசு ஒப்பவில்லை.

அதனால் தரையில் படுகிற அடிப்பக்கத்தை மட்டும் இழைக்க விடவில்லை. அங்கே கறுப்பு அப்படியே இருக்கிறது. வந்து மேசையைச் சாய்த்துப் பார். உன் அம்மா விட்டுப்போனது எது, நாங்கள் வைத்தது எது என்று தெரியும். வேண்டாம் என்று பட்டால் சொல், கழற்றிவிடச் சொல்கிறேன். வருத்தம் இருக்கும், காட்டமாட்டேன்.

சுரூபத்தை இன்னும் மேசைமேல் ஏற்றவில்லை. உன் அம்மா வைத்த இடத்தில் நான் எப்படி வைப்பேன்? மாதா இப்போது அடுப்படி அலமாரியில், அரிசிப் பானைக்குப் பக்கத்தில் இருக்கிறாள். கிறிஸ்மஸ் அன்றும் அவளை அங்கேயே இருக்க விட்டுவிடாதே, சாமி. அவள் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
ஞானமேரி