எட்டாவது மடு

தெல்தெனிய
1935 ஜனவரி 12, சனிக்கிழமை, காலை 6.40
கடிதம் இல. 3: மடுக்களுக்கு எண்ணெய் ஊற்றுவது குறித்து

அன்புள்ள மகனுக்கு,

டிசம்பர் 18ஆம் திகதி மலேரியா பரப்பும் நுளம்பை ஒழிக்க எண்ணெயுடன் வந்த உன்னையும் உன் சுகாதாரப் பகுதி ஆட்களையும் நான் வயல் வாசற் படலையிலேயே திருப்பி அனுப்பினேன். "அப்பா, உங்களுக்கு மீன் பெரிசோ, சனம் பெரிசோ?" என்று கேட்டாய். வயலோர ஓடையில் நீர் தேங்கி நிற்கும் எட்டு மடுக்களிலும் நுளம்புப் புழுவைத் தின்னும் மீன்கள் உள்ளன என்றேன். மடுக்களை ஆராய்ந்து நான் எழுதிவைத்த குறிப்பு செப்டெம்பர் 3ஆம் திகதிக்குரியது. அன்று அது சரியானதே.

அதன் பின் வந்த வறட்சியில் ஏழு மடுக்களின் மீன்கள் அழிந்துவிட்டதை நேற்றுத்தான் கண்டேன்.

நேற்றே வயற்காரர் மஹ்மூதின் மூத்த மகள் மலேரியாவில் இறந்தாள். மையித்தை எடுத்துச் சென்ற பின், தாய் வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டாள்.

"ஐயா, ஒங்கட மீனெல்லாம் எங்க? புழுத்தான் நெளியுது! மத்த ரெண்டு புள்ளையும் காய்ச்சல்ல கெடக்குது!"

நான் ஓடையில் இறங்கி மடு மடுவாகப் பார்த்தேன்.

எட்டாவது மடுவில் மீன் உண்டு, புழு இல்லை. மழை பெய்தால் வயல்களுக்கு மீன் திரும்பவேண்டியது அங்கிருந்துதான். எண்ணெய் ஊற்றினால் அந்த மீனும் சாகும் என்பதால், அதை மட்டும் விட்டுவிடும்படி கேட்கவே எழுத உட்கார்ந்தேன். ஆனால் அம்மடு அவளுடைய வாசலுக்கு நேரே கிடக்கிறது. அவளிடம் போய் இனியும் மீனைப் பற்றிப் பேச என்னால் இயலாது.

காலை பஸ்ஸில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். இன்றே வா. அந்த மடுவிலிருந்து தொடங்கு.

இங்ஙனம்,
உன் தகப்பன்

இத்துடன் அனுப்புபவை:
1. மடுக்களின் வரைபடம்.
2. படலைப் பூட்டின் திறப்பு.
3. எட்டாவது மடுவில் பிடித்த மீன்கள், போத்தலில், உயிருடன். மூடியை இறுக்க வேண்டாம்.