பேரம் பேசாதவருக்கு என்ன விலை

ஜூன் 9, திங்கள்

காலையில் சாரல். கன்னியாகுமரியில் கடற்கரைக் கடைகள் பாதி மூடிக் கிடக்கின்றன. என் கடையில் சங்கு, பாசி, பழைய நாணயம் எல்லாம் தார்ப்பாய்க்கு அடியில். சும்மா இருக்காமல் எழுதுகிறேன். சொந்தக் கையால்! முதியோர் வகுப்பு டீச்சர் தினமும் எழுதச் சொன்னார். 'ழ' இப்போது அழகாக வருகிறது.

மகள் மெர்லின் திருவிதாங்கூர் சக்கரம் ஒன்றைப் படம் பிடித்துப் போனில் விற்பனைக்குப் போட்டாள். செம்புக் காசு. "வெல என்ன அப்பா?" கடையில் சொல்வதுபோல ஆயிரத்து இருநூறு என்றேன்.

ஜூன் 10, செவ்வாய்

விற்றுவிட்டது. சேலத்துக்காரர். முழுப் பணமும் போட்டுவிட்டார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. மெர்லினுக்கு ஒரே குதி. கடை வாடகைக்கு ஆச்சாம்.

எனக்கு மீன்குழம்பு இறங்கவில்லை. கடையில் ஆயிரத்து இருநூறு என்றால், "பகல் கொள்ளையா வே?" என்பார்கள். இருநூறு என்பார்கள். போவதுபோல் போவார்கள். நான் கூப்பிடுவேன். முன்னூறில் முடியும். இங்கே எல்லாருக்கும் தெரியும். சேலத்துக்காரருக்கு யார் சொன்னது?

ஜூன் 11, புதன்

"தொள்ளாயிரத்தத் திருப்பி அனுப்பு மக்கா."

"ஒங்களுக்கு வட்டு பிடிச்சிட்டா அப்பா? அந்தாளு கேட்டாரா?"

பக்கத்துக் கடை தங்கப்பனும் சேர்ந்துகொண்டான். "ஓய், இதே சக்கரத்த போன்ல ஒருத்தன் ரெண்டாயிரம்னு போட்டிருக்கான். நீரு மட்டும் என்ன பெரிய புண்ணியவாளனா?"

"அவன் கேக்கட்டு. முன்னூறுக்குக் குடுக்க நெனச்சவன் ஆயிரத்தி இருநூற வாங்கி வச்சா அது ஏமாத்துதான் வே."

நன்றாகச் சொன்னேன். மெர்லின் முகத்தைத் தூக்கிக்கொண்டே அனுப்பினாள்.

ஜூன் 12, வியாழன்

சேலத்துக்காரர் போன். நன்றி சொல்லப்போகிறார் என்று சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எடுத்தேன்.

"என்ன பெரியவரே, டூப்ளிகேட்டா? இல்லன்னா எதுக்குப் பணம் திரும்பி வருது?"

விளக்கினேன். நம்பவில்லை. சக்கரமே வேண்டாமாம். மீதி முன்னூறும் அனுப்பியாயிற்று.

"இப்போ சந்தோசமா?" என்றாள் மெர்லின். "சந்தோசந்தான்" என்றேன். வாடகைக்கு என்ன செய்ய, தெரியவில்லை. ஆனாலும் சந்தோஷம்தான்.

ஜூன் 13, வெள்ளி

வெயில். புட்டு, பயறு, பப்படம். மெர்லின் தட்டை டம்மென்று வைத்துவிட்டுப் போனாள்.

போனை எடுத்து முதல் தடவையாக நானே எழுதிப் போட்டேன்: திருவிதாங்கூர் சக்கரம். அசல். அபூர்வம் இல்லை, எங்கள் பக்கம் நிறைய உண்டு. ரூ. 300. இதுதான் கடைசி விலை.

மத்தியானம் யாரோ ஒரு நாணய வியாபாரியிடமிருந்து செய்தி. நானே வாசித்தேன். "பெரியவரே, முன்னூறுன்னு போட்டு எங்க விலையைக் கெடுக்காதீங்க."

பதில் அடித்தேன். தடித்த விரல், தப்புத் தப்பாக விழுந்தது. அழித்து அழித்து அடித்தேன். மெர்லின் பின்னால் வந்து நின்று பார்த்தாள். தடுக்கவில்லை.

கெடுப்பேன்.