அதிமரியாதைச் சொல்

ஜூலை 14
இன்று எழுதப்போவதை ஈரேழு உலகத்திலும் ஒருவரும் நம்பமாட்டார்கள், இது சத்தியம். லம்பாங் நகரின் மரியாதைச் சக்கரவர்த்தி, பூன்மாவாகிய நான், என் தங்கை மகள் பிகுனின் விடுதியில் தங்கியிருக்கும் நார்வே பெண் இங்கெருக்கு ஒரே வாரத்தில் நாற்பத்து மூன்று தாய்லாந்து மரியாதைகளைப் போதித்துவிட்டேன். ஏறக்குறைய எல்லாம் என் திருவாய் மலர்ந்த புளுகுகள். பல்லியைக் கண்டால் வணங்கி வழிவிட வேண்டும். விடுகிறாள்! பல்லிகளுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது.

ஜூலை 17
சாப்பிடச் சொல்ல எங்கள் மொழியில் ஆளுக்கொரு சொல். அரசருக்கு ஒன்று, பிக்குவுக்கு ஒன்று. திருட்டு நாய்க்குச் சோறு வீசும்போது, "கொட்டிக்கோ." அதுதான் அதிமரியாதைச் சொல் என்று சொல்லிக் கொடுத்தேன். நூடுல்ஸ் கடை செங்கிடம் சொல்வாள், கடையே சிரிப்பில் குலுங்கும் என்று கணக்கு.

ஜூலை 20
செங்கிடம் சொல்லவில்லை. ஊரிலேயே பெரியவருக்கென்று பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள். காலையில் கோயிலில் முழங்காலிட்டு, தலைமைப் பிக்கு விரித்த துணியில் உணவை வைத்து, தெளிவாக: "சாமி, கொட்டிக்கோ."
லட்சம் பேர் கேட்டார்கள். இல்லை — நூறு பேர். பிக்கு கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.
"வெள்ளைக்காரிக்கு எவ்வளவு கொழுப்பு!" என்றாள் பின்னால் ஒருத்தி.
நான் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 21
தன் உச்சரிப்புதான் பிசகிவிட்டது என்று இங்கெர் நினைக்கிறாள். அறைக்குள் அழுதுகொண்டே அதே சொல்லை ஏற்றியும் இறக்கியும் சொல்லிப் பார்க்கிறாள். கொட்டிக்கோ. கொட்டிக்கோ.


ஜூலை 22
"மாமா, மூணு மாசம் இருக்க வந்தவ நாளைக்கே போறாளாம். ஊரையே அவமானப்படுத்திட்டாளாம். யார் மாமா அந்தச் சொல்லை அவளுக்குக் குடுத்தது?" என்றாள் பிகுன்.
"எனக்கென்னடி தெரியும்?"
என் பொய்களிலேயே ரொம்பச் சின்னது. இதை மட்டும் ஏன் எழுதி எழுதி அடிக்கிறேன்?

ஜூலை 23
பேருந்து நிலையத்தில் சொல்லிவிட்டேன். "உன் உச்சரிப்பு சுத்தம்மா. சொல்லுதான் அழுக்கு. அது நான் குடுத்தது."
நான் கைகூப்பி நெற்றிவரை உயர்த்தப் போனேன். பாய்ந்து என் கைகளைப் பிடித்து இறக்கிவிட்டாள். பிறகு அவளே முதலில், விரல்நுனி புருவத்தைத் தொட, தலை தாழ்த்தி வணங்கினாள். ஏறிக்கொண்டாள்.
சன்னல் வழியே கேட்டாள்: "பெரியவங்க முதல்ல கும்பிட்டா சின்னவங்க ஆயுசு குறையும்னீங்களே, மாமா. அதுவும் பொய்யா?"
"இல்லம்மா," என்றேன். "அது ஒண்ணு மட்டும் நெஜம்."