கலாவதி ரொட்டி

மார்ச் 4

செல்லப் பாப்பாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது.

எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள். ஆயுசு முழுக்கச் சுவருக்குப் பெயிண்ட் அடித்த கை. பட்டை பிரஷ் பிடித்த விரலுக்குப் பேனா இருப்பதே தெரியவில்லை. அழுத்தியதில் தாள் கிழிந்து, இது வேறு தாள். முதியோர் வகுப்பு டீச்சர் திருத்தித் தருகிறேன் என்றார். என் மகளுக்கு நானே எழுதிக்கொள்கிறேன் என்றுவிட்டேன். எப்படி!

இப்போது கண்ணில் பட்டதையெல்லாம் படிக்கிறேன். பஸ் போர்டு, சோப்பு உறை, எதையும் விடுவதில்லை. நேற்று கட்டிலுக்கடியில் இருந்து நீ மழைக்காலத்தில் அனுப்பிய ஓட்ஸ் பெட்டிகளை இழுத்துப் பிரித்தேன். ஒரு பொட்டலம் விடாமல் கலாவதி என்று போட்டு, பக்கத்தில் ஏப்ரல் 30 என்று தேதியும் போட்டிருக்கிறது. பொட்டலம் போடுகிற பெண் போலிருக்கிறது. செய்த வேலைக்குப் பெயர் போட ஒரு தைரியம் வேண்டும். நல்ல பொறுப்பான பெண்!

அப்பா

மார்ச் 10

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் எழுத்தைப் பார்த்து அழுதேன். கலாவதியைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தேன். அது கலாவதி இல்லை அப்பா. முதல் எழுத்துக்கும் கால் இருக்கிறது, நன்றாகப் பாருங்கள். காலாவதி. அந்தத் தேதிக்குமேல் சாப்பிடக்கூடாது என்று அர்த்தம். அடுத்த மாதக் கடைசி வரைக்கும்தான் தாங்கும்.

சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது. ஒரு பொட்டலம்கூடப் பிரிக்கவில்லை, அப்படித்தானே? போனில் கேட்கும்போதெல்லாம் "காலையில அதைத்தானே சாப்பிட்டேன்" என்றீர்களே! அம்மா போனதிலிருந்து நீங்கள் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்று எனக்குச் சந்தேகம். இப்போது தெரிந்துவிட்டது. அடுத்த மாதக் கடைசியில் வருகிறேன். அறையைக் காலி செய்துவிட்டு என்னோடு கிளம்புங்கள். மறுபேச்சு கிடையாது.

பாப்பா

மார்ச் 18

செல்லப் பாப்பாவுக்கு,

எழுத்துக்கூட்டிப் படித்ததால் உன் திட்டு மெதுவாகத்தான் வந்து சேர்ந்தது. பொய் சொன்னது தப்புதான். ஆனால் உன் கடிதம் வந்ததும் ஒரு பொட்டலம் பிரித்துப் பார்த்தேன். ஆப்பிள் வாசனை போட்ட அந்த ஓட்ஸில் வெந்நீர் ஊற்றினால், பெயிண்டுக்கு முன்னால் சுவரில் பூசுவோமே, பட்டி, அதே பதம். எடுத்துச் சுவரில் இழுக்கத்தான் கை போகிறதே தவிர வாய் திறக்க மாட்டேன் என்கிறது. அதற்காக நான் பட்டினி கிடக்கவில்லை.

பெட்டிகளைக் கீழே ரொட்டிக்கடை அம்மாவிடம் கொண்டுபோனேன். "யாருங்க அந்தக் கலாவதி? பேரைச் சொல்லும்போதே முகமெல்லாம் சிரிப்பு?" என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். விஷயத்தைச் சொன்னதும் மாவுக்கையோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஓட்ஸைக் கோதுமை மாவோடு பிசைந்து ரொட்டி சுட்டோம். உறை பிரித்தது நான். அந்த வாசனை ரொட்டியில் எவ்வளவு பொருந்துகிறது தெரியுமா! "அந்தப் பொண்ணு பேரையே வெச்சிருவோம்" என்றார். சாக்பீஸால் போர்டு எழுதும் வேலை எனக்கு. நீ சொல்லிக்கொடுத்த காலை மறக்காமல் போட்டேன்.

இன்று சூடாக: காலாவதி ரொட்டி.

வந்தவர்கள் போர்டைப் பார்த்ததும் திரும்பிப் போய்விட்டார்கள். தபால்காரர் மட்டும் உள்ளே வந்து, "ஏம்மா, கெட்டுப்போனதுன்னு எழுதிவெச்சே விக்கிறீங்களே, உங்க நேர்மைக்கு ஒரு கும்பிடு" என்றார். "பெயிண்டரே! என் கடையை இழுத்து மூடவெச்சிட்டுத்தான் ஓய்வீங்களா?" என்று அந்த அம்மா வெளியே ஓடி வந்தார். விரலால் ஒரு காலை அழித்தேன். மதியத்துக்குள் தட்டு காலி.

தினமும் சுடுகிறோம். ஒரு பெட்டிதான் பாக்கி. அதனால் அறையைக் காலி செய்கிற பேச்சு வேண்டாமே, பாப்பா. இங்கே நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

அப்பா

மார்ச் 25

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை நாங்கள் இரண்டு பேரும் படித்தோம். "உங்கப்பா ஓட்ஸைப் பத்தியா எழுதியிருக்காரு?" என்று கேட்டுவிட்டு உங்கள் மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

நீங்கள் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறீர்களே என்றுதான் கூப்பிட்டேன். நேராகக் கேட்கிறேன், சுற்றி வளைக்காமல் எழுதுங்கள். ராத்திரிச் சாப்பாடு எங்கே? யாரோடு?

முதலில் எனக்கு ஒரு மாதிரிதான் இருந்தது. இரண்டு நாள் அம்மா படத்துக்கு முன்னால் போய்ப் போய் நின்றேன். அப்புறம் சரியாகிவிட்டது. நான் வருவதில் மாற்றமில்லை. கூட்டிக்கொண்டு போகவா, பார்த்துவிட்டுப் போகவா என்பதை நீங்கள் சொல்லுங்கள்.

சித்தியை விசாரித்ததாகச் சொல்லவும்.

பாப்பா

ஏப்ரல் 1

என் பாப்பாவுக்கு,

ராத்திரிச் சாப்பாடு கீழேதான். கதவைப் பாதி இறக்கிவிட்டு, மாவு மேஜையைத் துடைத்து, எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறோம். வகுப்பில் படித்ததை நான் சொல்வேன். அந்த அம்மா குறுக்கே கேள்வி கேட்பார். கொஞ்ச காலமாகவே இப்படித்தான். அதற்கு நாங்கள் ஒரு பெயரும் வைத்துக்கொள்ளவில்லை. உன்னிடம் எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை.

உன் கடிதத்தை அங்கே வைத்துத்தான் சத்தமாகப் படித்தேன். கடைசி வரிக்கு வந்ததும் அந்த வார்த்தையை மெதுவாகக் கூட்டினேன். சித்... தி. மாவு பிசைந்த கை அப்படியே நின்றது.

"யாரைச் சொல்லுது பொண்ணு?"

"இங்க வேற யாரு இருக்கா?"

முதுகைத் திருப்பிக்கொண்டு பற்றவைக்காத அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பாமலே, "இன்னொரு தடவை படிங்க" என்றார். முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

"அதெல்லாம் வேண்டாம். கடைசி வரி மட்டும்."

பார்த்துவிட்டுப் போக வா, பாப்பா. மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா. உனக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டு எழுதச் சொல்கிறார். கேள்வி நிறைய இருக்கிறதாம். எனக்கோ விரல் மரத்துவிட்டது. அடுத்த வாரம் அவரையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

அப்பா