மூன்று புள்ளிகளில் போன வரிகள்

டான்யூப் கரை
பிப்ரவரி 24, 2012

அன்பு மகள் ரலீட்சாவுக்கு,

அம்மா மித்கா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். நலம் என்றால், முழங்கால் ஆபரேஷன் முடிந்து ஐந்து மாதமாகியும் அவர் நொண்டுகிறார். என் ரத்தக் கொதிப்பு எப்போதும் போல. ஆற்றில் பனிக்கட்டி உடைந்து மிதக்க ஆரம்பித்துவிட்டது.

இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் பாதியிலேயே இருவரும் அழுதுவிடுவோம். அதனால் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

அக்டோபரில் உன் அப்பா பத்திரிகைக்கு எழுதிய அந்தப் பாழாய்ப்போன கடிதத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். வார்டில் முப்பது பேருக்கு ஒரே நர்ஸ், மணி அடித்தாலும் ஆள் இல்லை, பெற்றவர்களை அநாதையாக விட்டுவிட்டு நம் பெண்கள் ஜெர்மனிக் கிழவர்களுக்குச் சேவகம் செய்யப் போய்விட்டார்கள் என்று அச்சாகியிருந்தது. கீழே ரங்கேல் என்று அப்பா பெயரும் ஊரும். நீ அந்த ஜெர்மனியில் உட்கார்ந்துகொண்டு அதைப் படித்தாய். அந்த ரங்கேலின் மகள் நான்தான் என்று தொடங்கிப் பதில் எழுதினாய். ஒரே கையுறையைக் கழுவிக் கழுவிப் போட்டுக்கொண்டு ஆறு வருஷம் நம் ஊர் வார்டில் நின்றேனே, அப்போது அப்பா ஏன் எந்தப் பத்திரிகைக்கும் எழுதவில்லை என்று கேட்டாய். நியாயமான கேள்விதான். ஆனால் ஊர் உலகம் பார்க்கக் கேட்டுவிட்டாய்.

அப்புறம் நம் வீட்டுச் சண்டை நாட்டுச் சண்டை ஆனது. புர்காஸிலிருந்து ஒரு டீச்சர் உன் பக்கம். ப்லோவ்திவிலிருந்து ஓய்வுபெற்ற கர்னல் ஒருவர் அப்பா பக்கம். சின்னஞ்சிறுசுகளின் பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைக்க வேண்டுமாம். மூன்று மகன்களும் ஸ்பெயினில் இருக்கிற ஒரு தேனீ வளர்ப்பவர், ஆளுக்கு ஒரு கரண்டி தேன் சாப்பிட்டுவிட்டு ராசியாகுங்கள் என்று எழுதினார். அதைப் படித்துத்தான் எனக்குக் கண் கலங்கியது. பாவம், அவருக்குச் சண்டை போடக்கூட வீட்டில் ஆளில்லை. ரொட்டிக் கடை வரிசையில் நின்றால், நீ யார் பக்கம் என்று என்னைக் கேட்கிறார்கள்.

நாலு மாதமாக உன் போன் வந்தால் அப்பா கொல்லைக்குப் போய்விடுகிறார். கேட்டால், “அவ பேப்பர்லதான எழுதுனா? நானும் பேப்பர்லயே பதில் சொல்லிக்கறேன்” என்கிறார். நீயும் என்னிடம் அதையேதான் சொன்னாய். அப்பனுக்குத் தப்பாமல் பிறந்திருக்கிறாய்.

ஒன்று உனக்குத் தெரியாது. அப்பாவின் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும் என்பதால், அந்தக் கடிதத்தை நல்லபடியாகத் திருப்பி எழுதியது நான்தான். அச்சில் வந்தது முழுக் கடிதம் இல்லை என்று அன்றே பார்த்துவிட்டேன். கடைசிப் பத்தி இருக்க வேண்டிய இடத்தில் அடைப்புக்குறி போட்டு மூன்று புள்ளி வைத்திருந்தார்கள். உன்னிடம் சொல்லட்டுமா என்றேன். கெஞ்சுவது போல இருக்கும், வாயைத் திறக்காதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். போன வாரம் அடுப்புப் பற்றவைக்கப் பழைய பேப்பரை உருவினேன். உன் கடிதம் வந்த பேப்பர். அதன் முடிவிலும் அதே மூன்று புள்ளி. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சத்தியமாவது ஒன்றாவது என்று முடிவு செய்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை, தங்கை வீட்டுக்குப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு, தலைநகரிலுள்ள பத்திரிகை ஆபீஸுக்குப் போக சோபியா ரயிலைப் பிடித்தேன். வெறுங்கையோடு போகக்கூடாதே என்று சுட்ட மிளகாய் விழுது ஒரு பாட்டில் எடுத்துக்கொண்டேன்.

வாசகர் கடிதங்களைப் பார்க்கிற வல்சேவா அம்மாளுக்கு என் வயதுதான் இருக்கும். அறை முழுக்கப் பெட்டிகள், பெட்டி முழுக்கக் கடிதங்கள். தண்ணீர் வரவில்லை, பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள், பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள், பக்கத்து வீட்டுக்காரன் திருடன். இந்த நாட்டில் சண்டையைத் தவிர வேறொன்றும் இல்லை போலிருக்கிறதே என்றேன். அவர் சிரிக்கவில்லை.

“அப்படி இல்லைம்மா. முக்கால்வாசிப் பேர் கடைசில நல்ல வார்த்தை எழுதத்தான் செய்றாங்க. எல்லார் கடுதாசிலயும் அது ஒரே மாதிரி இருக்கும். இடம் பத்தலைன்னா மொதல்ல அதுலதான் கத்திரி வைப்பேன்” என்றார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உங்கள் கத்திரியால் என் வீட்டில் அப்பாவும் மகளும் பேசுவதில்லை என்று சொல்லிவிட்டேன். அவர் எழுந்து போய், வெகுநேரம் தேடி, இரண்டு கடிதங்களையும் எடுத்து வந்து நகல் போட்டுத் தந்தார். விட்டுப்போன வரிகளை இந்த வாரமே போடட்டுமா என்றும் கேட்டார். வேண்டாம், நாடு படித்தது போதும், இனி வீட்டில் இருப்பவர்கள் படிக்கட்டும் என்றேன்.

நகல்களை இத்துடன் வைத்திருக்கிறேன். அப்பா எழுதி, அச்சில் வராதது இது:

“என் மகளும் நர்ஸ். அவளும் போய்விட்டாள். போகாதே என்று சொல்ல என்னிடம் ஒரு காரணமும் இருக்கவில்லை. வார்டில் செருப்புச் சத்தம் கேட்டபோதெல்லாம் அவள்தானோ என்று தலையைத் தூக்கிப் பார்த்தேன். அங்கே அவள் யாரைக் கவனித்துக்கொள்கிறாளோ அவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.”

உன்னுடையதை அப்பாவிடம் சத்தமாகப் படித்தேன். நீ மறந்திருப்பாய், அதனால் எழுதுகிறேன்: “அப்பா படுத்தபடி முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, ஐந்து எண்ணும்வரை அழுத்த வேண்டும். தினமும் மூன்று வேளை. அம்மா சொன்னால் கேட்க மாட்டார். பேப்பரில் வந்தால் கேட்பார்.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தானே ஒரு முறை படித்தார். சோபியாவுக்கு ஏன் போனாய் என்று திட்டுவார் என்று காத்திருந்தேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, “எந்தத் துண்டு? பெருசா, சின்னதா?” என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும், தெரிந்தவளைக் கேளுங்கள் என்றேன்.

மறுநாளிலிருந்து சமையலறைக் கட்டிலில் படுத்து அழுத்துகிறார். ஐந்து எண்ணச் சொன்னால் மூன்றிலேயே விட்டுவிடுகிறார். ஆனாலும் மூன்று வேளையும் தவறவில்லை.

மார்ச் பதினொன்று, ஞாயிறு காலை பத்து மணிக்குப் போன் செய், கண்ணே. அந்த நேரம் நான் சந்தைக்குப் போயிருப்பேன். கொல்லைக் கதவைப் பூட்டிச் சாவியையும் கையோடு கொண்டுபோவதாக இருந்தேன். தேவைப்படாது போலத் தெரிகிறது. அன்று உன் போன் வரும் என்று அவரிடம் சொல்லிவைத்தேன்; அந்த ஞாயிறு எத்தனை மணிக்குச் சந்தைக்குப் போவாய் என்று நேற்றே இரண்டு தரம் கேட்டுவிட்டார்.

உடம்பைப் பார்த்துக்கொள். கடவுள் உன் கைகளுக்குப் பலம் கொடுக்கட்டும். அவர் எடுத்த எடுப்பில் துண்டைப் பற்றித்தான் கேட்பார். கோபப்படாதே, அவசரப்படாதே. அவருக்குப் புரியும்வரை நிதானமாகச் சொல்லிக்கொடு.

உன் அம்மா,
மித்கா