பால் போல் கலங்கிய சுத்தமான தண்ணீர்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சௌக்கியம். உன் முழங்கால் வலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

இங்கே ஒரு கூத்து நடந்தது. எங்கள் ஆய்வகத்தில் தண்ணீரில் உப்பு இருக்கிறதா என்று பார்க்க, சில்வர் நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விடுவோம். உப்பு, அதாவது சோடியம் குளோரைடு, இருந்தால் இரண்டும் ஜோடி மாற்றிக்கொள்ளும். சில்வரும் குளோரைடும் சேர்ந்தது கரையாமல் வெள்ளையாகப் படியும். சோடியமும் நைட்ரேட்டும் கரைந்தே கிடக்கும். ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் சுத்தமான தண்ணீர் மட்டும் கலங்கவே கூடாது. செவ்வாய்க்கிழமை அதுவே பால் மாதிரி கலங்கிவிட்டது. தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரத்தைக் காலை முழுக்கக் கழற்றிப் பார்த்தார்கள்.

மத்தியானம்தான் எனக்கு உறைத்தது. தொண்டை கொப்பளிக்க உப்புக் கரைத்த குடுவையைப் பெயர் ஒட்டாமல் மேசையில் விட்டிருந்தேன், சுத்தமான தண்ணீர் என்று அதிலிருந்துதான் ஊற்றியிருக்கிறேன்.

"நான்தான் சார்," என்றேன்.

"கொப்பளிக்கறதெல்லாம் ரூம்ல வெச்சுக்கோம்மா. குடுவைல பேர் ஒட்டு," என்று சொல்லிவிட்டு மேலாளர் போய்விட்டார்.

லேசான கரகரப்புதான். ஒரு டம்ளருக்கு எவ்வளவு உப்பு போடுவாய் என்று எழுது. என் பழைய சால்வையையும் அனுப்பு, புதியது வேண்டாம்.

வேலைக்குப் போகும் வண்டி வந்துவிட்டது. பத்து நாளாக எனக்குத் தொண்டை கட்டியிருப்பதை இங்கே கண்டுபிடித்தது சில்வர் நைட்ரேட் மட்டும்தான்.

உன் சின்னவள்